முட்டிக் கணக்கு

ஸ்கான் முடிந்து கட்டிலால் இறங்கியவர் செருப்பைத் தேடினார். செருப்பு அவருடைய காலடியில்தான் கிடந்தது. இடது பாதம் அதன் மேல் ஏறி நின்றது. அது அவருக்குத் தெரியவில்லை. குனிந்து கண்ணால் பார்த்து, கையால் பிடித்து, ஒவ்வொரு விரலாக வாருக்குள் நுழைத்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும், "கால் விறைச்சுப்போச்சுது பிள்ளை. பஞ்சு மெத்தைக்கு மேல நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். முப்பது வருடமாகப் பனை ஏறும் மனிதர். தளைநாருக்குள் இரண்டு பாதத்தையும் கொடுத்து, மரத்தின் சொரசொரப்பை உள்ளங்காலால் உணர்ந்து ஏறுகிறவர். அவருக்குத் தன் செருப்பு காலில் பட்டதே தெரியவில்லை.

அந்த விறைப்புக்குக் காரணம், ஸ்கான் பார்க்கும் வைத்தியராகிய நான் அறிக்கையில் எழுதிய ஒரு வரி. இரண்டு வருடமாக இதை எழுதுவதா விடுவதா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன மாதம் அவரைக் கண்டபோது கேட்டேன். "எழுதுங்கோ பிள்ளை, என்ரை பேரை மட்டும் போடாதையுங்கோ" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ஈரல் கட்டிக்காரர்

அமீபா என்ற கிருமியால் ஈரலில் வரும் சீழ்க்கட்டிதான் அவருடைய வருத்தம். யாழ்ப்பாணத்தில் ஸ்கான் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வருத்தத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தே எங்கள் வார்ட்டுகளில் இருக்கும் நோய் இது. வருகிறவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள், அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் கள் குடிக்கிறவர்கள். வலது விலாவைக் கையால் அணைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாகவே சற்றுச் சாய்ந்து நடந்து வருவார்கள். காய்ச்சல் இருக்கும். ஆழமாக மூச்செடுத்தால் குத்தும். சிலருக்கு வலது தோளில் நோவு. ஈரலுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். உதரவிதானத்தைக் கட்டி உரசும்போது, அதே நரம்பு வழியாகத் தோளில்தான் அந்த நோவு தெரியும். வயிற்றோட்டம் இருந்ததா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். அதுவும் உண்மைதான். அமீபா குடலில் சத்தம் போடாமல் இருந்துவிட்டு ஈரலில் வந்துதான் தன்னைக் காட்டும்.

தண்ணீரோடோ சாப்பாட்டோடோ உள்ளே போகும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற அமீபா பெருங்குடலின் சுவரைத் துளைத்து, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் வாயில் நாளத்தில் இறங்குகிறது. பெருங்குடலின் வலது பக்க இரத்தம் பெரும்பாலும் ஈரலின் வலது மடலுக்கே போவதால், கட்டியும் பெரும்பாலும் அங்கேதான். பொதுவாக ஒரே ஒரு கட்டி. அதற்குள் இருப்பதைச் சீழ் என்று சொல்கிறோம். உண்மையில் அது கரைந்துபோன ஈரல். அதனால்தான் ஊசி போட்டு எடுத்தால் மஞ்சளாக வராமல் சொக்லேட் நிறத்தில் வரும். மணமும் இருக்காது. அதை நுணுக்குக்காட்டியில் வைத்தால் அமீபாவைக் காண்பதும் அரிது. அது நடுவில் இருப்பதில்லை, ஓரத்தில், நல்ல ஈரலைத் தின்னும் எல்லையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நோயாளர்களிடம் நாங்கள் கதைக்கும் விதம் சரியில்லை. வேறு வருத்தத்தோடு வருகிறவரை "ஐயா, எங்க நோகுது?" என்று கேட்கிறவர்களே ஈரல் கட்டிக்காரரை "நீ கள்ளுக் குடிக்கிறனியே?" என்று கேட்கிறார்கள். ஐம்பது வயது மனிதரை, அவருடைய மனைவிக்கு முன்னால். வருத்தம் வந்ததே ஒரு குற்றம் போல. இப்படிக் கேட்டால் அவர் எவ்வளவு குடிக்கிறார், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வீட்டில் வேறு யாருக்கு வயிற்றோட்டம் என்று எதையும் உண்மையாகச் சொல்ல மாட்டார். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் எவ்வளவு தூரம் என்ற கேள்வி, குழித் தண்ணீர் கிணற்றுக்கு எளிதாகக் கசியும் சுண்ணக்கல்லுக்கு மேல் குடியிருக்கிற எங்கள் எல்லோருக்கும் உரியது. ஆனால் பதில் சொல்லும் சுமையைக் கள் குடிக்கிறவரின் தலையில் மட்டும் வைத்துவிடுகிறோம்.

திரையில் தெரிவது

அந்தப் பனை ஏறும் மனிதரை முதலில் கண்டது ஒரு மாசி மாதம். வார்ட்டிலிருந்து சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வலது விலா எலும்புகளின் இடைவெளியில் ஜெல்லைப் பூசி, "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ ஐயா" என்றேன். பாதி மூச்சுக்கு மேல் அவரால் முடியவில்லை. அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சாம்பல் நிறமாக, ஒரே சீராக இருக்க வேண்டிய ஈரலுக்குள், பின்பக்கம் மேலே, ஒரு கரிய வட்டம். முழுக் கறுப்பு இல்லை. உள்ளே மங்கலான புள்ளிகள், அவர் மூச்சு விடும்போது மெல்ல அசைந்தன. சுற்றித் தடித்த சுவர் இல்லை. வட்டத்துக்குக் கீழே இருந்த ஈரல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது. ஒலி திரவத்துக்குள்ளால் போகும்போது குறைவாகவே தேயும், ஆகவே அதைத் தாண்டியதும் எதிரொலி கூடுதலாகத் திரும்பி வரும். இதைப் பார்த்தால் உள்ளே இருப்பது திரவம் என்று நம்பலாம். முதல் சில நாட்களில் ஈரல் இன்னும் கரையாத நிலையில் கட்டி திண்மமாகவே தெரிந்து ஏமாற்றும். அவர் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

மூன்று திசையிலும் அளந்தேன். 7.8, 7.4, 7.0 சென்ரிமீற்றர். ஈரலின் உறையை முட்டிக்கொண்டு நின்றாலும் வெளியே உடையவில்லை, நெஞ்சறையில் தண்ணீர் இல்லை. ஊசி போடாமல் மருந்தோடு பார்ப்பது என்று வார்ட்டில் முடிவெடுத்தார்கள். மெற்றோனிடசோல் பத்து நாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை 800 மில்லிகிராம். அதன் பிறகு குடலில் ஒளிந்திருக்கும் அமீபாவுக்கு டைலொக்சனைட். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒரு கிழமைக்குள் அவர் தானே நடந்து போய்க் கன்டீனில் தேத்தண்ணி குடித்தார் என்று பிறகு அவருடைய மனைவி சொன்னார்.

இந்த மருந்து எவ்வளவு பெரிய விஷயம் என்று நாங்கள் இப்போது நினைப்பதில்லை. அதற்கு முன்னர் எமெற்றீன் இருந்தது. 1912 இல் கல்கத்தாவில் லெனாட் ரொஜர்ஸ் என்ற வைத்தியர் ஊசியாகப் போடத் தொடங்கிய மருந்து. அமீபாவைக் கொல்லும், கூடவே இதயத்தையும் தாக்கும். 1966 இல் தென்னாபிரிக்காவின் டர்பனிலிருந்து மெற்றோனிடசோல் பற்றிய முடிவுகள் வெளியான பிறகுதான் இந்த நோய் வில்லையால் மாறும் நோயாயிற்று. இன்று எங்கள் நோயாளர்களில் மிகப் பெரும்பான்மையானோர் அந்தப் பத்து நாள் வில்லையோடு சுகமாகிறார்கள். ஆனால் படத்தில் சுகமாவதற்குப் பல மாதங்கள் எடுக்கும். என்னுடைய பிழை இந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

"தொடர்ந்து காணப்படுகிறது"

ஆறு கிழமை கழித்து அவர் திரும்ப வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டொக்டரிடம் காட்டியிருக்கிறார், அவர் ஒரு ஸ்கான் எடுத்துப் பார்ப்போம் என்று துண்டு கொடுத்திருக்கிறார். நோவில்லை, காய்ச்சலில்லை, சாப்பிடுகிறார், உடம்பு தேறியிருக்கிறது. அன்று எனக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். அளந்தேன். 6.3, 5.9, 5.6. அறிக்கையில் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "வலது மடலில் 6.3 சென்ரிமீற்றர் அளவான சீழ்க்கட்டி தொடர்ந்து காணப்படுகிறது."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அளவும் சரி. ஆனால் அந்த வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அதை வாசிக்கப்போகிறவர் என்ன விளங்கிக்கொள்வார் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

வாசித்த டொக்டர் விளங்கிக்கொண்டது இதுதான். சீழ்க்கட்டி இருக்கிறது, ஆகவே அமீபா இருக்கிறது, ஆகவே மருந்து போதவில்லை. மெற்றோனிடசோலைத் திரும்பத் தொடங்கினார். இரண்டு கிழமைக்கு என்று எழுதிக் கொடுத்தது, "கட்டி இன்னும் கிடக்கு" என்ற பயத்தில் நாலாகி, ஏழாயிற்று. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண் முன்னால் ஒரு விசேட வைத்தியரின் கையெழுத்தோடு "சீழ்க்கட்டி" என்று இருக்கும்போது வெறுமனே விட்டுவிட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மெற்றோனிடசோல் பத்து நாளைக்கு மிகப் பாதுகாப்பான மருந்து. நாலு கிழமையைத் தாண்டித் தொடரும்போது அது நரம்பின் நுனிகளைத் தாக்கலாம். முதலில் கால் விரல்கள். பிறகு பாதம். கள்ளும் நரம்பைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடம் குடித்தபோது வராத விறைப்பு, குடியை விட்டு வில்லை போட்ட அந்த இரண்டு மாதத்துக்குள் வந்தது.

பதின்மூன்றாவது கிழமையில் மூன்றாவது தடவை வந்தார். இந்த முறை துண்டில் வெறும் ஸ்கான் என்று இல்லை. ஸ்கானைப் பார்த்தபடி ஊசி போட்டுச் சீழை எடுக்கும்படி எழுதியிருந்தது. ஊசித் தட்டு ஆயத்தமாக இருந்தது. மனைவி கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

நான் புரோபை வைத்து அளந்து, என் பாட்டில் "4.6" என்று சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் கேட்டார்: "முதல் எவ்வளவு பிள்ளை?" 7.8 என்றேன். நடுவில்? 6.3. அவர் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு வயிற்றில் ஜெல் வழிய, இரண்டு கையையும் தூக்கி, விரல்களை வளைத்து, கள் இறக்கும் மண்பானையான முட்டி ஒன்றைப் பிடிக்கிற மாதிரிக் காட்டினார். கைகளைக் கொஞ்சம் நெருக்கினார்.

"முட்டி இந்தளவு சின்னனாப் போனா உள்ளுக்குக் கிடக்கிற கள்ளு இந்தளவோ குறையும்? பாதி போயிடும். பாக்கேக்கை ரெண்டும் ஒரே முட்டி மாதிரித்தான் கிடக்கும். ஊத்தினாத்தான் தெரியும். அப்ப எனக்கு உள்ளுக்கு இப்ப எவ்வளவு கிடக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மெஷினில் கன அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்கும் புறொஸ்டேற்றுக்கும் ஒவ்வொரு நாளும் அழுத்துவேன். ஈரல் கட்டிக்கு ஒருநாளும் அழுத்தியதில்லை. அன்று அழுத்தினேன். 41 மில்லிலீற்றர். ஊசித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, உருண்டை வடிவத்துக்குரிய 0.523 ஆல் பெருக்கினேன். முதல் நாள் 211. ஆறாம் கிழமை 109. அதாவது நான் "தொடர்ந்து காணப்படுகிறது" என்று எழுதிய அந்த நாளில் அவருடைய கட்டி ஏற்கெனவே பாதியாகியிருந்தது. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் உள்ளடக்கம் பாதியாகிவிடும் என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. எனக்கு அதை முட்டி சுமந்தவர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

"அஞ்சிலை ஒரு பங்குதான் மிச்சம் ஐயா" என்றேன். "அப்ப ஊசி?" என்றார். வேண்டாம் என்றேன். அந்த டொக்டருக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்தேன். வில்லையை நிறுத்தச் சொன்னேன். பிறகு அவர் கட்டிலால் இறங்கினார், செருப்பைத் தேடினார்.

படம் பின்தங்கி வரும்

அன்றிலிருந்து நான் வாசித்ததும், அதற்குப் பிறகு நூற்றுக்கு மேற்பட்டவர்களில் கண்டதும் ஒன்றையே சொல்கின்றன. அமீபா செத்த பிறகும் குழி இருக்கும். கரைந்த ஈரல் உடனே எங்கும் போய்விடாது. உடம்பு அதை மெல்ல மெல்ல உறிஞ்ச வேண்டும், சுற்றியிருக்கும் ஈரல் உள்ளே வளர வேண்டும். மூன்று தொடக்கம் ஒன்பது மாதம் எடுப்பது சர்வசாதாரணம். சிலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டும். மருந்து தொடங்கிய முதல் கிழமையில் காய்ச்சல் விட்டு ஆள் எழும்பி உட்கார்ந்திருக்கும்போதே கட்டி முன்னரைவிடச் சற்றுப் பெரிதாகக்கூடத் தெரியலாம். அதைக் கண்டு பயந்து ஊசி போட்ட கதைகள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. சில நேரம் கடைசியில் ஒரு சிறு நீர்க்குழியோ, வெண்மையான ஒரு தழும்போ காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிடும். வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கும் ஒருவர் அதைக் கண்டு புதிய கட்டி என்று எழுதுவார். ஆகவே வருத்தம் மாறியதா என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது காய்ச்சலை, நோவை, ஆளின் முகத்தை. ஸ்கானை அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். "அப்ப ஸ்கானே தேவையில்லையா?" என்றார். தேவை. மிகவும் தேவை. கட்டி இடது மடலில் இருந்தால் அதற்கு மேல் இதயத்தின் உறை இருக்கிறது. அங்கே அளவும், உறைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதும் உயிர்ப் பிரச்சினை. மருந்து தொடங்கி மூன்று நாலு நாளாகியும் காய்ச்சல் விடாவிட்டால் உடனே ஸ்கான் பார்க்கத்தான் வேண்டும். ஒரு கட்டிக்குப் பதில் சிறு சிறு கட்டிகள் தேன்கூடு போலத் தெரிந்தால் அது பக்ரீரியாவாக இருக்கலாம். சலரோகம் உள்ளவரென்றால் மெலியோய்டோசிஸ் என்ற பக்ரீரியா நோய் என்று நினைக்க வேண்டும், அது இலங்கையிலும் இருக்கிறது, மெற்றோனிடசோலுக்கு அசையாது. உள்ளே அழுகிய புற்றுநோயும் இதே முகத்தோடு வந்து உட்காரும். மாதங்கள் போயும் குழி சுருங்காமல் அப்படியே நின்றால் நான் இப்போதும் விடமாட்டேன். நான் எதிர்ப்பது சுகமாக நடமாடும் மனிதரை ஆறாம் கிழமையில் படுக்க வைத்து, விட்டத்தை மட்டும் அளந்து, மூன்று சொல்லில் பயமுறுத்தி அனுப்புவதை.

நான் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். சிகிச்சை முடித்து நோவில்லாமல் வருகிறவருக்குச் "சீழ்க்கட்டி" என்று எழுதுவதில்லை. "குணமாகிவரும் குழி" என்று எழுதுகிறேன். மூன்று அளவையும், கன அளவையும், முந்திய கன அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறேன். கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: "நோய் அறிகுறிகள் இல்லாதவிடத்து இந்தத் தோற்றம் மட்டும் மருந்தைத் தொடரக் காரணமாகாது, மறைய மாதங்கள் எடுக்கலாம்." கதிரியக்க அறிக்கையில் சிகிச்சை பற்றி எழுதுவது எங்கள் வேலையில்லை என்று எனக்குக் கற்பித்தவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வரி அன்று இருந்திருந்தால் ஒரு மனிதரின் பாதம் தப்பியிருக்கும். இன்னொரு பழக்கமும் வந்தது. அளவை நோயாளிக்குச் சொல்லும்போது சென்ரிமீற்றரில் சொல்வதில்லை. "முந்தி ஒரு போத்தலில் கால்வாசிக்கு மேலை கிடந்தது, இப்ப ரெண்டு மேசைக்கரண்டிதான்" என்று சொல்கிறேன். முகம் உடனே தெளியும்.

பதினோராம் மாதம் அவரை ஒருமுறை வரச் சொன்னேன். மருத்துவ ரீதியாகத் தேவையில்லாத ஸ்கான் அது, எனக்காகப் பார்த்தது. விலா இடைவெளி ஒவ்வொன்றாகத் தேடினேன். அந்த இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் வெண்மையான ஒரு கீற்று, சுற்றிவர நல்ல ஈரல். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "இதுதானோ?" என்று கேட்டார். "இவ்வளவுதான்" என்றேன். கால் எப்படி என்று கேட்டேன். இரவில் மட்டும் எரியுமாம், பகலில் பரவாயில்லையாம். மரம் ஏறுவதை மகனிடம் விட்டுவிட்டாராம். கீழே நின்று முட்டியை வாங்கி ஊற்றுவது இவர் வேலை.

கட்டிலால் இறங்கினார். இந்த முறை செருப்பைத் தேடவில்லை. கதைத்துக்கொண்டே காலை விட்டார், சரியாகப் போயிற்று. கதவு வரைக்கும் நானும் கூடப் போனேன். வெளியே மூன்று படி இருக்கிறது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் இறங்கினார்.